கழுதைக்குக் குரல் கொடுத்தவள்

"ஒரு கிலோ கேரட்டு! போன வாரந்தான் வாங்கி வெச்சேன். இப்பப் பாத்தா ரெண்டே ரெண்டு வாடிப்போய்க் கெடக்கு. இந்த வீட்ல யாராவது எனக்குத் தெரியாம கழுதை வளக்கறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மாமியார் கேட்டார். இருபத்தெட்டு வருடம் வானொலியில் செய்தி வாசித்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிவிட்டது. குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. சமையலறையில் கேட்ட கேள்வி மாடி அறை வரைக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

'கழுதை' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அடுப்படியில் நின்ற மருமகள் அடுப்பை மறந்து திரும்பினாள். பால் பொங்கி வழிந்தது.

"நான்தான் எடுத்தேன் அத்தை..."

"நீயா? எதுக்கு?"

அவள் வழிந்த பாலைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அதான பாத்தேன்! கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டா நீ ஊமச்சி இல்லையே!"

ஊமச்சி. அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். எட்டு வருடத்துக்கு முன் கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு மாதம் 'சரி', 'இல்ல' என்ற இரண்டு வார்த்தையிலேயே காலத்தை ஓட்டினாள். செய்தி வாசித்த மாமியார், சினிமாவில் நடிகைகளுக்குக் குரல் கொடுக்கும் நாத்தனார், மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பேசிவிட்டு வரும் கணவன். இத்தனை பேர் பேசுகிற வீட்டில், கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா? விளையாட்டாக வைத்த பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் பெற்ற ஏழு வயதுப் பெண்கூட ஒருநாள் அப்படிக் கூப்பிட்டது. நாமாவது மருமகள் என்றே சொல்வோம்.

"நீ பேசாட்டிப் போ. என் பொண்ணு என்ன பாவம் பண்ணினா? நாப்பது நாளாச்சுடி அவ எங்கிட்ட வாயத் தெறந்து!" மாமியாரின் குரல் ஏறியது. "இன்னிக்கு நம்மளப் பாக்கக் கூப்பிட்டிருக்காங்களே, அந்தக் கழுதைப் படத்துக்கு ஸ்டுடியோல நாள் பூரா நின்னு பேசினாளே. அப்பத் தொண்டை நல்லாத்தான இருந்துது? வீட்டுக்குள்ள கால வெச்சா மட்டும் வாய் ஒட்டிக்குது. 'சாப்டியா'ன்னா தலையாட்டல். 'என்னம்மா'ன்னா தலையாட்டல். நேரா ரூமுக்குப் போய்க் கதவச் சாத்திக்கறா. அப்ப அவ கோவம் யாரு மேல? சொல்லு!"

"அத்தை... அப்படியெல்லாம் ஒண்ணும்..."

"நான் கேட்டேன்டி!" மாமியார் ஃப்ரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினார். "போன வாரம் அவ ரூம் வாசல்ல நின்னு என் காதாலயே கேட்டேன். 'இந்த வீட்டுக்கு நீ பாரம். பேசாம கெளம்பிப் போயிடு'... இது உன் வாய்லேர்ந்து வந்துதா இல்லையா? புருஷன விட்டுட்டு வந்து நிக்கற பொண்ணுகிட்ட சொல்ற வார்த்தையாடி இது? இல்லன்னு சொல்லு பாப்போம்!"

இல்லை என்று எப்படிச் சொல்வாள்? வந்தது அவள் வாயிலிருந்துதான்!

நாற்பது நாளுக்கு முன் நாத்தனாரும் அவளுமாக டாக்டரைப் பார்க்கப் போனார்கள். நாத்தனாருக்கு வீட்டில் கீச்சு என்று பேர். கீச்சுவின் குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி வளர்ந்திருந்தது. "மூணு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசாம இருந்தா தானா சுருங்கிடும். மீறிப் பேசினா அப்புறம் குரலே இருக்காது" என்றார் டாக்டர். கீச்சு மணவாழ்க்கை முறிந்து நான்கு வருடத்துக்கு முன் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது இரண்டு பெட்டியும் அந்தக் குரலும்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: 'தொண்டை போச்சுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போதும் அண்ணி, அதோட என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. அம்மாவுக்குச் சொல்லாதீங்க. காலைல அம்மாவுக்குத் தெரிஞ்சா மத்தியானச் செய்தில வந்துடும்.'

எழுதிவிட்டு நடுத்தெருவில் அண்ணியின் தோளில் சாய்ந்து சத்தமே இல்லாமல் அழுதாள். அழுவதற்குக்கூடத் தொண்டை வேண்டியிருக்கிறதே!

கையில் அப்போது ஒரே ஒரு படம் இருந்தது. பேசும் கழுதையைப் பற்றிய குழந்தைகள் படம். கிராபிக்ஸுக்கு வசதியில்லாத தயாரிப்பு. நிஜக் கழுதைக்குத் தீனி போட்டு, அது மெல்லுகிற மெல்லலுக்கு ஏற்ற மாதிரி வசனம் பேச வேண்டும். டைரக்டர் வெளியூரில் மிச்சக் காட்சிகளை எடுத்துக்கொண்டிருந்தார். குரலைப் பதிவு செய்து அன்றன்றைக்கு அனுப்பினால் போதும், அவர் அங்கேயே படத்தில் சேர்த்துவிடுவார். ஒலிப்பதிவாளர் கீச்சுவின் பழைய சிநேகிதி.

"நான் பேசிப் பாக்கட்டுமா?" என்று அண்ணிதான் கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஆனால் நான்கு வருடமாகக் கீச்சு ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் எதிர் வசனம் படித்தவள் அவள்தான். ஏற்ற இறக்கமெல்லாம் அத்துப்படி. கன்னத்தில் ஒரு துண்டு கேரட்டை அடக்கிக்கொண்டு பேசினால் மெல்லுகிற சத்தமும் வந்தது, பேசுவது கீச்சு இல்லை என்று டைரக்டருக்கும் தெரியாமல் போயிற்று. கீச்சுவுக்கு வெந்நீர் கொண்டுபோகிறேன் என்று தினமும் கூடவே கிளம்பினாள். மாமியார் வாசலில் நின்று கேட்டது, மறுநாள் பதிவுக்கு அவள் பார்த்த ஒத்திகையை!

இதில் எதைச் சொல்ல முடியும்?

"வாயே தெறக்கலையா? சரி." மாமியார் மூச்சு வாங்கினார். "படம் பாத்துட்டு வந்ததும் உங்க அக்கா வீட்டுக்குக் கெளம்பு. என் பொண்ணு பழையபடி பேசட்டும், அப்பறம் பாத்துக்கலாம். பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்கு. அது இங்கயே இருக்கட்டும்."

மருமகள் துடைத்த துணியைக் கீழே போட்டாள். சமையலறை வாசலில் வந்து நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவன், வீட்டில் ஒரு சண்டை என்றால் உடனே கண்ணாடியைக் கழற்றிவிடுவான்.

"கொஞ்ச நாளுதான... அம்மா கோவம் தணியட்டும்..." என்றான்.

மாடிப்படியில் கீச்சு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகம் வெளுத்துப்போய் வாயைத் திறந்தாள். மருமகள் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம் கண்ணு! இன்னும் அம்பது நாள்தான். எதுக்காகவும் பேசாத!" என்று காதோடு சொன்னாள்.

மாமியார் தூரத்திலிருந்து பார்த்தார். "பாத்தியாடா! என் கண் முன்னாலயே அவ வாயப் பொத்தறா!"

பத்தரை மணிக் காட்சி. கலைஞர்களின் குடும்பங்களுக்காகவும் இரண்டு பள்ளிக்கூடக் குழந்தைகளுக்காகவும் ஏற்பாடு செய்தது. அரங்கம் முழுக்க வாண்டுகள். நடுவில் மாமியார், அவருக்கு ஒரு பக்கம் கீச்சு, மறுபக்கம் மகளை மடியில் வைத்துக்கொண்டு மருமகள், ஓரத்தில் கணவன். மருமகள் மகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். இன்று சாயங்காலம் இந்தக் குழந்தைக்கு யார் தலை பின்னி விடுவார்கள் என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது.

படம் தொடங்கியது. அண்ணன் தம்பி சண்டையில் நடுவே சுவர் வைத்த ஒரு வீடு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கொல்லையில் ஒரு கழுதை. குட்டிப் பெண் ஒருத்தி அதன் முன் உட்கார்ந்து அழுகிறாள். கழுதை தலையைத் தூக்கியது. மென்றது. வாயைத் திறந்தது.

"பயப்படாத. நான் கழுதைதான். பேசற கழுதை."

வாண்டுகள் கூச்சலிட்டுச் சிரித்தன. மாமியார் சிரிக்கவில்லை. அவர் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது.

அப்போதுதான் மருமகளுக்கு உறைத்தது. தெய்வமே... இதை எப்படி மறந்தோம்?

கீச்சுவுக்கு 'ழ' வராது!

ஊரே மெச்சிய குரலில் அந்த ஒரு எழுத்து மட்டும் பிறந்ததிலிருந்தே மக்கர். செய்தி வாசித்த அம்மாவுக்கு அது எத்தனை பெரிய அவமானம்! தினமும் காலையில் 'வாழைப்பழம்' என்று நூறு தடவை சொன்ன பிறகுதான் கீச்சுவுக்குப் பால் கிடைக்கும். நூறு தடவையும் 'வாளப்பளம்'தான். பன்னிரண்டு வயதில் அம்மா அந்த முயற்சியைக் கைவிட்டார். தெரிந்த வசனகர்த்தாக்கள் அவளுக்காக மழையைத் தூறலாக்கினார்கள், குழந்தையைப் பிள்ளையாக்கினார்கள். இந்த டைரக்டர் புதியவர், அவருக்கு இது தெரியாது; தெரிந்தாலும் கழுதைப் படத்தில் கழுதையை என்னவென்று மாற்றுவது? அவளுக்குத் தொண்டை போன பதற்றத்தில், அண்ணி நாத்தனார் இருவருக்குமே இது தோன்றவில்லை. இயல்பாக ழகரம் வருகிறவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

கழுதை ஓயாமல் பேசியது. வாழ்க்கை என்றது, கிழவன் என்றது, தாழ்ப்பாள் என்றது. ஒவ்வொரு 'ழ'வையும் மருமகள் விரல் விட்டு எண்ணினாள். மாமியார் மெல்லத் திரும்பிக் கீச்சுவைப் பார்த்தார். கீச்சு திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் விரல்கள் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தன.

"அம்மா, இந்தக் கழுதை எவ்ளோ அழகாப் பேசுது!" என்றது மடியில் இருந்த குழந்தை. "நீ மட்டும் ஏம்மா பேசவே மாட்டேங்கற?"

"உஸ்... படத்தப் பாரு."

இடைவேளைக்குச் சற்று முன் அந்தக் காட்சி வந்தது. அவளுக்குத் தெரியும், வரும் என்று. கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு குடும்பமும் வீட்டை விற்கப் போகிறார்கள். கழுதை யாருக்கும் வேண்டாம். அது தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் குனிகிறது. தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிறது. மெதுவாகச் சொல்கிறது:

"இந்த வீட்டுக்கு நீ பாரம். பேசாம கெளம்பிப் போயிடு... கழுதை."

 எங்கோ ஒரு குழந்தை விம்மியது. மாமியாரின் கை இருட்டில் நாற்காலியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவர் கதவுக்கு வெளியே கேட்டது முதல் பாதி. தாழ்ந்த குரலில் வந்த கடைசி வார்த்தையை அன்று அவர் கேட்டிருக்கவில்லை.

விளக்கு எரிந்தது. மாமியார் எழுந்தார். கீச்சுவின் மணிக்கட்டைப் பிடித்தார். "வாடி வெளிய. நீயும் வா" என்று மருமகளையும் கூப்பிட்டார்.

குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலை. மாமியார் மகளைத் தன் பக்கம் திருப்பினார்.

"கீச்சு. என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ கழுதைன்னு சொல்லு."

கீச்சு தலை குனிந்தாள்.

"பெத்தவள எப்படிச் சொல்றதுன்னு பாக்காத. சொல்லுடி! கழுதை! சொல்லு!"

"அத்தை, அவள விட்டுடுங்க... அவ பேசக் கூடாது..." மருமகள் நடுவில் வந்தாள்.

கீச்சு நிமிர்ந்தாள். மணலில் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "களுத..."

அவ்வளவுதான். மாமியார் சுவரில் சாய்ந்துவிட்டார். "ஐயோ... என் கொழந்த கொரலு... என் கொழந்த கொரலுக்கு என்னடி ஆச்சு?"

மருமகள் சொன்னாள். டாக்டர், கட்டி, மூன்று மாதம், கேரட், எல்லாம் நாலு வரியில் முடிந்துவிட்டது. சொல்லச் சொல்ல மனசுக்குள் ஒரு சின்ன ஆசை எழுந்தது. இப்போது கேட்பார். இப்போது ஒரு வார்த்தை சொல்வார். 'உன்னைப் போய் அப்படிச் சொல்லிட்டேனே' என்று...

மாமியார் மகளின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல்கூட இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா இவ பொழப்பே போயிடும். நீ... இது வரைக்கும் சொல்லாத மாதிரியே..."

முடிக்கவில்லை. கண்ணையும் பார்க்கவில்லை.

"சரி அத்தை" என்றாள் மருமகள்.

சொல்லிவிட்டாள். ஆனால் இடைவேளைக்குப் பின் இருட்டில் உட்கார்ந்தபோது அவளுக்கு நெஞ்சு எரிந்தது. தெரியாமல் சுமத்திய பழியைத் தாங்கிக்கொள்ளலாம். தெரிந்த பிறகும் 'சுமந்துகொண்டே இரு' என்றால்? அக்கா வீட்டுக்குப் போகத் தேவையில்லை என்றாவது ஒரு வார்த்தை வந்ததா? திரையில் கழுதை அந்தக் குடும்பத்தை எப்படியோ சேர்த்து வைத்தது. குழந்தைகள் கைதட்டின. அவள் தன் குரலைத் தானே கேட்டபடி, முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

படம் முடிந்ததும் டைரக்டர் மேடைக்கு ஓடி வந்தார். வழுக்கைத் தலை, கையில் மைக், முகமெல்லாம் சிரிப்பு.

"பசங்களா! கழுதையப் பிடிச்சுதா?"

"பிடிச்சுது!"

"கழுதையோட குரல் யாருன்னு பாக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே கீச்சுவைக் கைகாட்டினார். "மேடம், மேல வாங்க! கழுதை மாதிரி ரெண்டே ரெண்டு வார்த்தை! ப்ளீஸ்!"

மாமியார் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். "போகாதடி... தலவலின்னு சொல்லிடலாம்..." என்று முணுமுணுத்தார். கீச்சு எழுந்துவிட்டாள். போகும்போது அண்ணியின் நனைந்த முகத்தை ஒரு கணம் நின்று பார்த்தாள். மேடையேறி மைக்கை வாங்கினாள். அரங்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"இந்தக்... கொரலு..." அந்தக் கரகரப்பு ஒலிபெருக்கியில் கேட்டதும் முன்வரிசைக் குழந்தைகள் மிரண்டன. கீச்சு கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி மூச்சிழுத்தாள். "எங்க... அண்..."

"வேண்டாம் கீச்சு! பேசாத! கொரல் போயிடும் கண்ணு, பேசாத!"

மருமகள் எழுந்து நின்று கத்தினாள். எட்டு வருடத்தில் அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்ததில்லை. அரங்கத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது.

 பிறகு எங்கிருந்தோ ஒரு வாண்டு எழுந்து நாற்காலி மேல் ஏறியது.

"ஐ! கழுதை!"

"ஆமா! கழுதை! கழுதை அங்க இருக்கு!"

நூறு தலைகள் திரும்பின. அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மகள் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பியது. "அம்மா... நீதான் கழுதையா?"

கணவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்க மறந்து அப்படியே கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

டைரக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மேடம் இது? யாரு பேசினா என் படத்துல?" என்று கீச்சுவைக் கேட்டார். கீச்சு அழுதுகொண்டே அண்ணி இருந்த பக்கம் கையை நீட்டினாள். சரிதான், போச்சு. நாற்பது நாள் கட்டிக் காத்தது ஒரு கத்தலில் போச்சு என்று மருமகள் உடைந்து உட்காரப் போனாள்.

உட்கார முடியவில்லை. மாமியார் அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார். தானும் எழுந்தார். தொண்டையைச் செருமினார். மைக் இல்லாமலே, செய்தி வாசிக்கிற அதே நிதானத்தில் சொன்னார்:

"என் பொண்ணுக்குத் தொண்டைல கட்டி. மூணு மாசத்துக்குப் பேச மாட்டா. அவளுக்கு ழ எப்பவுமே வராது, அது எனக்குத் தெரியும். இந்தப் படத்துல கழுதையாப் பேசினது என் மருமக. எட்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். இவளுக்கு இவ்வளவு சுத்தமா ழ வரும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்." அத்தனை நிதானமும் அங்கே உடைந்தது. "ஏன்னா... இவளப் பேச விட்டு நான் கேட்டதே இல்ல!"

டைரக்டர் வழுக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. குழந்தைகளோ "கழுதை மேல வா! கழுதை மேல வா!" என்று கத்திக்கொண்டிருந்தன. கடைசியில் கீச்சுவிடமிருந்து மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்... சரி, போங்க. தொண்டையப் பாத்துக்கங்க. அடுத்த படத்துல ஒரு வாத்து இருக்கு. ழ இல்லாம எழுதிக்கிறேன்."

கீச்சு சிரித்தாள், அழுதாள், கீழே ஓடி வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். மருமகள் அவள் முதுகைத் தடவினாள். ஆனால் அவள் பார்வை மாமியாரிடம் இருந்தது. ஒன்று பாக்கி இருந்தது. காலையிலிருந்தே நெஞ்சில் முள்ளாய் நின்றது.

"அத்தை... நான் அவள அப்படிச் சொல்லல. சத்தியமா சொல்லல. அவ எனக்கு என்னிக்குமே பாரமா இருந்ததில்ல..."

"தெரியும்டி... தெரியும்மா..."

"நீங்க பாப்பாவ விட்டுட்டுப் போன்னு சொன்னீங்களே அத்தை! எப்படி அத்தை சொன்னீங்க? ஒரு வார்த்தை நின்னு கேட்டிருந்தா..."

மேலே பேச முடியாமல் விம்மினாள். மாமியார் அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது.

"சொன்னேன். பாவி, சொன்னேன். நீ எங்கயும் போகப் போறதில்ல. வெளிய தெரியக் கூடாதுன்னு இப்பக்கூட உன் வாயத்தான் அடைக்கப் பாத்தேன்... திட்டு. என்னத் திட்டு. மனசுல இருக்கறத எல்லாம் சொல்லு. எட்டு வருஷத்துக்கும் சேத்துச் சொல்லு, நான் கேக்கறேன்."

மருமகள் சொல்லத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில், முன்னுக்குப் பின் முரணாக, கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலிருந்து. குழந்தைகள் வரிசையாக வெளியே போனார்கள். அரங்கத்தைப் பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வந்து, பார்த்துவிட்டு, பின்வரிசையிலிருந்து வேலையைத் தொடங்கினார். மாமியார் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.